லிஃப்டுக்குள்ளிருந்து வந்த கிளிக்குகள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரே நாற்காலியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறவள். மற்றவள் அந்த இடத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண். இன்னொரு நாற்காலி போடலாமே என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாள்தானேம்மா, ஒட்டி உக்காருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருமல் வந்தால் இருவரும் சேர்ந்துதான் குலுங்க வேண்டியிருந்தது.

வேலையை விட்டுப் போகிறவளுக்கு வீட்டில் கறைக்காரி என்று பெயர். யார் எதிரில் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைப் பார்க்கிறவள் அவள். காலரில் கிரீஸ், கைமடிப்பில் பேனா மை, பாக்கெட்டில் துரு என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, அது எப்படி வந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் கனவு காண்பாள். பிறகு அதை எப்படிப் போக்குவது என்று தன் இணையதளத்தில் எழுதுவாள். 'கறையில்லா வாழ்வு' என்பது தளத்தின் பெயர். மேசைவிரிப்பில் சிந்திய மெழுகை எடுக்க வழி தேடி வருகிறவர்கள், அந்த மெழுகுவத்தி யாருக்காகக் காத்திருந்து உருகியது என்று இரண்டு பத்தி படித்து முடித்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டிக்கு வந்து சேர முடியும். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள், படித்தார்கள், சிலர் மெழுகுவத்திக்காக வருத்தமும் தெரிவித்தார்கள். பக்கத்தின் ஓரங்களில் விளம்பரங்கள் வந்தன. விளம்பரங்களிலிருந்து பணம் வந்தது. முதலில் செலவுக்குக் காணாத பணம், பிறகு காணுகிற பணம், கடைசியில் மருத்துவமனைச் சம்பளத்தையே எட்டிப் பிடித்த பணம். அந்தத் தைரியத்தில்தான் அவள் டாக்டரிடம் போய் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தாள். உலகத்தில் எத்தனை கறை உண்டோ அத்தனையையும் எழுதிவிடுவது என்று திட்டம்.

உள்ளே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் அந்த மெயில் வந்தது. அனுப்பியது விளம்பரக் கம்பெனி. 'உங்கள் தளத்தில் இயல்புக்கு மாறான கிளிக்குகள் காணப்படுகின்றன. விளம்பரங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. காரணத்தையும், இனி இது நடக்காமலிருக்க நீங்கள் எடுத்த நடவடிக்கையையும் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒருமுறை மூடப்பட்டால் அதே பெயரில், அதே முகவரியில், அதே வங்கிக் கணக்கில் ஆயுளுக்கும் இன்னொரு கணக்குத் தொடங்க முடியாது.

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு? பல்வலியா?" என்றாள் புதுப்பெண். இருவரும் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருந்ததால் ஒருத்திக்கு வியர்த்தால் மற்றவளுக்கும் தெரிந்துவிடும்.

"வேலைய விட்டு நின்னுக்கறேன்னு டாக்டர்கிட்ட சொன்னத வாபஸ் வாங்க முடியுமா?"

"ஐயையோ அக்கா! இங்க வர்றதுக்குன்னே நான் புது டிரஸ்ஸா தச்சு வச்சிருக்கேனே!"

கறைக்காரி மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு தளத்தின் கணக்கு விவரங்களைப் புரட்டினாள். வழக்கமாக ஒருத்தர் வருவார், துருவைப் பற்றிப் படிப்பார், போவார். அபூர்வமாக ஒரு விளம்பரத்தைத் தட்டுவார். இப்போது பார்த்தால், இதே ஊரிலிருந்து கும்பல் கும்பலாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரு வரி படிக்கவில்லை. நேராக விளம்பரங்களை வரிசையாகத் தட்டிவிட்டு ஓடிப்போயிருக்கிறார்கள். அவளுக்கு உடனே ஒருவர்மேல் சந்தேகம் வந்தது. 'எல்லாக் கறைக்கும் வினிகர்' என்று எதிர்த்தளம் நடத்துகிற ஆள். வினிகரால் பட்டு பாழாகும் என்று அவள் எழுதியதிலிருந்து அவர் பொருமிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் நிதானமாக யோசிக்கலாம் என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள். கூடவே வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு ஒரு பருத்த மனிதர் ஏறினார். இரண்டு மாடி இறங்கியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு அது சகஜம். கறைக்காரி மணியை அமுக்கினாள். ஒலிபெருக்கி கரகரத்துவிட்டுத் தேன் ஒழுகப் பேசியது.

"வணக்கம்ங்க. பயப்படாதீங்க. காத்து வருது, கயிறு உறுதியா இருக்கு, எங்க ஆளும் கிளம்பியாச்சு. அதுவரைக்கும் மனச வேற பக்கம் திருப்பணும். கையில போன் இருக்கா?"

பஞ்சுக்காரர் கேட்பதற்கு முன்பே போனை எடுத்திருந்தார்.

"'கறையில்லா வாழ்வு'ன்னு ஒரு வெப்சைட் இருக்கு. அதத் திறங்க. ஓரத்துல பெட்டி பெட்டியா விளம்பரம் வரும். படிக்கவெல்லாம் வேண்டாம். ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டே வாங்க, பயம் தெரியாது. சிக்னல் வரலேன்னா கதவோரமா நில்லுங்க, அங்க நல்லா எடுக்கும். நானே பாத்து வச்சிருக்கேன்."

கறைக்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பெல்லாம் போய்ச் சேருகிற கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர், அவளைப் பெற்ற அப்பா.

"வழக்கமா நாலஞ்சு தட்டினா நகந்துடும்மா," என்று பஞ்சுக்காரர் அவளுக்கு விளக்கினார். பாதி நாக்கு மரத்திருந்தாலும் விஷயம் தெளிவாகவே வந்தது. "பல்லுக்கு மருந்து வைக்க வர்றப்பெல்லாம் மாட்டிக்கறேன். ஒவ்வொரு தடவையும் இதாலதான் நகருது." பிறகு திரையைப் பார்த்தவர் முகம் மாறியது. "ஐயோ, இன்னிக்கு விளம்பரமே இல்லையே! எல்லாம் வெறும் பெட்டியா இருக்கு! இனிமே லிஃப்ட் எப்படி நகரும்?"

"ஐயா, பதறாதீங்க, பக்கத்த ஒரு தடவ புதுப்பிச்சுப் பாருங்க," என்றது ஒலிபெருக்கி.

"அப்பா," என்றாள் கறைக்காரி.

ஒலிபெருக்கி ஒரு தடவை இருமியது.

"யாருங்க?"

"நாந்தாம்ப்பா."

"ஓ..." என்றது ஒலிபெருக்கி. "வீட்டுக்கு வர்றப்ப உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமாம்மா?"

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. அப்பா மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துத் தொடங்கியவளுக்கு முன்னால், கூடத்திலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கூரியர் அலுவலகத்தில் பார்சல் கொடுக்கும் கவுண்டரில் நிற்கிற அம்மா, பார்சல் வாங்க வருகிறவர்களிடம் "உள்ள தேடி எடுக்கறதுக்குள்ள எம்பொண்ணு வெப்சைட்ல ரெண்டு தட்டு தட்டிட்டு இருங்க" என்று சொல்லி வந்திருக்கிறாள். சீக்கிரம் கிடைக்கிற பார்சலைக்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்திருக்கிறாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாமா, வண்டியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று ஒரு பாடமே வைத்திருந்தார்: சீட் பெல்ட், கண்ணாடி, விளம்பரம்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே! நம்ம வீட்டுல யாரும் விளம்பரத்தத் தட்டக் கூடாதுன்னு!"

"சொன்ன," என்றாள் அம்மா. "ஒரு தடவ சொன்ன."

"ஒரு தடவ சொன்னாப் பத்தாதா?"

"நல்லா கேக்கறியே! யாரு வீட்டுக்குப் போனாலும் சாப்பிடுங்கன்னு சொன்னா மொதல்ல வேண்டாம்னுதானே சொல்றோம்? மூணு தடவ வேண்டாம்னு சொன்னாத்தான் நெசமாவே வேண்டாம். ஒரு தடவ சொன்னா கூச்சம். உனக்குக் கூச்சம்னு நினைச்சோம்."

"பெரிய மனசுக்காரின்னு நினைச்சேன் மச்சான்," என்று மாமா அப்பாவைப் பார்த்துக் கண் கலங்கினார். "சொந்தக்காரங்களுக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்குதே இந்தப் புள்ளன்னு அன்னிக்கு நான் கூடவே ரெண்டு பேட்ச் பசங்களயும் தட்டச் சொன்னேன்."

அவள் அப்போதே மூன்று தடவை அடுக்கடுக்காக வேண்டாம் என்று சொன்னாள். மூவரும் பெருமூச்சு விட்டார்கள். பிரச்சினை முடிந்துவிட்டது என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள்.

"முடியலம்மா. அக்கவுண்டயே மூடப்போறாங்க. மூடிட்டா ஆயுசுக்கும் திறக்க முடியாது. நான் வேலையவும் விட்டாச்சு."

இதைக் கேட்டதும்தான் வீட்டில் உண்மையான கலவரம் பிறந்தது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "அவங்க ஆபீஸ் எங்க இருக்கு, சொல்லு. நேர்ல போய் நாலு வார்த்த பேசிட்டு வரேன்."

"ஆபீஸுக்கெல்லாம் போக முடியாது மாமா. மெயில்தான்."

"வாசப்படியே இல்லாத கம்பெனிக்கா இவ்வளவு பயப்படற?"

"தட்டினதத் திருப்பித் தட்டி ரத்து பண்ண முடியாதா?" என்றார் அப்பா. லிஃப்டில் தவறான மாடியை அமுக்கிவிட்டால் இன்னொரு தடவை அமுக்கி ரத்து செய்யலாமாம். முடியாது என்று அவள் சொன்னாள். ஆனால் மறுநாள் மத்தியானம் மாமா ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து, வேறு வேறு தளங்களில் காலையிலிருந்து விளம்பரங்களின் மூலையிலிருந்த பெருக்கல் குறிகளாகத் தேடித் தேடி அமுக்கியதாகச் சொன்னார். "கணக்க நேர் பண்ணிட்டேன்டா கண்ணு. நாம போட்டதுக்குமேலயே கழிச்சாச்சு."

கறைக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

இப்படி விளம்பரம் நிறுத்தப்பட்டவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் எல்லாருக்கும் ஆலோசனை சொல்பவரைத் தடையண்ணன் என்று அழைத்தார்கள். அவருடைய கணக்குகள் வரிசையாகத் தடை செய்யப்பட்டவை. அந்த அனுபவத்தால்தான் அவர் நிபுணர். அவளிடம் போனிலேயே பேசினார்.

"வீட்டாளுங்க தட்டினாங்கன்னு மட்டும் எழுதிடாத தங்கச்சி. முடிஞ்சுது கதை. ரோபோ தட்டிடுச்சுன்னு எழுது. ரோபோ என்ன, வந்து இல்லேன்னு சாட்சி சொல்லப்போகுதா?"

"நீங்க அப்படித்தான் எழுதினீங்களா அண்ணே?"

"ஆமா. எல்லாத் தடவையும்."

"அப்புறம்?"

"அப்புறம் மூடிட்டாங்க. அது வேற விஷயம். மூடினா அம்மா பேர்ல ஒண்ணு திற. அதுவும் போச்சுன்னா மாமா பேர்ல."

கறைக்காரி ரோபோக் கடிதத்தை எழுதத் தொடங்கினாள். நன்றாகவே வந்தது. இரக்கமற்ற ரோபோக்கள் நள்ளிரவுப் பனியில் படையெடுத்து வருவதாக ஒரு பத்தியும் எழுதிவிட்டாள். பிறகு கம்பெனியில் அதைப் படிக்கப்போகும் ஆளைக் கற்பனை செய்து பார்த்தாள். தூர தேசம். ஜன்னலுக்கு வெளியே பனி. மேசையில் ஆறிப்போன காபி. அவர் எதிரில் ஆயிரம் ரோபோக் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆயிரத்தொன்றாவது ரோபோவை அவர் எப்படி நம்புவார்? அதுவும், அவள் தளத்துக்கு வந்த இந்த ரோபோக்கள் ஒரே கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலிருந்து, காலை பத்து மணிக்குப் பல்வலியோடு வந்தவை என்பது அவர் கையிலிருக்கும் விவரத்திலேயே தெரிந்துவிடுமே.

அந்தப் பத்தியை அழித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

'ஐயா அல்லது அம்மா, என் தந்தை லிஃப்டில் சிக்கிக்கொள்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் பணியில் இருக்கிறார். அவர்களுக்கு ஆறுதலாக என் விளம்பரங்களைத் தட்டச் சொல்லியிருக்கிறார். என் தாய் பார்சலுக்குக் காத்திருப்பவர்களிடமும், என் தாய்மாமன் கார் ஓட்டப் பழகுபவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாமல் நடந்தது. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருமுறை வேண்டாம் என்றால் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது.'

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்களே என்று தன் தளத்தையே ஒரு கறையைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள். 'அடுத்த பக்கம்' என்ற பட்டனை ஒட்டியபடியே ஒரு விளம்பரம் இருந்தது. அடுத்த பக்கம் போக நினைக்கிற கட்டைவிரல் வழுக்கி அதன்மேல்தான் விழும். அங்கே வைத்தது மாமா அல்ல, அவள்தான். பக்கத்தின் கடைசியில், 'கட்டுரை பிடித்திருந்தால் விளம்பரங்களையும் ஒரு பார்வை பாருங்கள்' என்று ஒரு வரி. விளம்பரத்தைத் தட்டச் சொல்லி யாரையும் ஜாடையாகக்கூடக் கேட்கக் கூடாது என்பது விதி. விதிகளை அவள் சேரும்போது ஒரே இழுப்பாக இழுத்துக் கடைசியில் சம்மதம் என்று அமுக்கியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகப் படித்தாள். வரியை நீக்கினாள். விளம்பரத்தைத் தள்ளி வைத்தாள். வீட்டு இணைய இணைப்பில் யார் திறந்தாலும் விளம்பரமே தெரியாதபடி செய்தாள். நாள்தோறும் கணக்கைப் பார்த்து, எங்கிருந்தாவது கிளிக்குகள் கும்பலாக வந்தால் கம்பெனி கேட்பதற்கு முன்னால் தானே தெரிவிப்பதாகவும் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

அனுப்பிய மறுநாள் தளத்துக்கு வந்தவர்கள் தொகை மும்மடங்காகியிருந்தது. எல்லாரும் உள்ளூர். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சேச்சே! யாரும் தட்டக் கூடாதுன்னு நான் எல்லா லிஃப்டுலயும் ஸ்டிக்கர் ஒட்டிட்டேனே!"

"என்ன ஸ்டிக்கர்?"

"'கறையில்லா வாழ்வு என்ற வெப்சைட்டில் உள்ள விளம்பரத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள்.' சிவப்பு எழுத்துல. கண்ணுல படற மாதிரி."

அதைப் படித்த ஊர் மொத்தமும் எதைத் தொடக் கூடாது என்று பார்ப்பதற்காகக் கிளம்பி வந்திருந்தது. அதே வாசகத்தை மாமா தன் பயிற்சிக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். கார் மெதுவாகப் போகிற கார் என்பதால் பின்னால் வருகிறவர்கள் எல்லாருக்கும் அதை ஆற அமரப் படிக்க நேரம் இருந்தது. அம்மா ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை. கவுண்டரில் யாராவது சும்மா மணி பார்க்கப் போனை எடுத்தாலும் "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று மூன்று தடவை சொல்லி வைத்தாள்.

இப்போது விளம்பரங்கள் திரும்பி வந்தால் செத்தோம் என்று கறைக்காரிக்குப் புரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு தட்டுத் தட்டாமல் போவார்களா? மருத்துவமனைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி ஸ்டிக்கர்களை உரித்தாள். பசையைப் போக்க எண்ணெய்த் துணியால் தேய்த்தாள். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

"உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேம்மா."

"தெரியும்ப்பா."

"லிஃப்டுல மாட்டினவங்க ரொம்ப அழுவாங்க. உன் வெப்சைட்டத் திறக்கச் சொன்னா அழுகைய நிறுத்துவாங்க. அதுல எனக்கு ஒரு பெரும."

"படிக்கச் சொல்லுங்கப்பா. படிக்கறதுக்கு ஒண்ணும் தடையில்ல. தட்டத்தான் சொல்லக் கூடாது."

"படிக்கறதா?" அப்பா யோசித்தார். "நீ எழுதறதப் படிச்சா அழுக ஜாஸ்தியாகும்மா. அந்த மெழுகுவத்தி ஒண்ணே போதும்."

பதில் வந்தபோது அவள் மருத்துவமனையில் இல்லை, வீட்டுக் கூடத்தில் இருந்தாள். சுற்றிலும் மூவரும் நின்றார்கள். மெயில் சுருக்கமாக இருந்தது. 'உங்கள் விளக்கத்தை ஏற்கிறோம். கணக்கு மீண்டும் செயல்படுகிறது. இதேபோல் மறுபடி நடந்தால் முன்னறிவிப்பின்றி மூடப்படும்.' அவள் எதிர்பார்த்த பனியும் காபியும் அதில் இல்லை. ஆனாலும் அவள் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள்.

மாமா விசிலடித்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேடிக்கைக் கூட்டம் வடிந்து தளம் பழைய அமைதிக்கு வரட்டும் என்று அவள் இன்னும் சில நாள் பொறுத்தாள். வேலையின் கடைசி நாளன்று புதுப்பெண்ணுக்கு நாற்காலி முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்து, விளம்பரங்களை ஓடவிட்டாள். சரியாக வருகிறதா என்று பார்க்க, வீட்டு இணைப்பில் தெரியாது என்பதால் மாமாவின் போனைக் கூடத்து மேசைமேல் வைத்து, அதன் சொந்த டேட்டாவில் திறந்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை. பாம்புக்கூடையைச் சுற்றி நிற்பதுபோல நின்றார்கள். மூவர் கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

வெறும் பெட்டிகளில் படங்கள் பூத்தன. முதலில் ஒரு செருப்பு வந்தது, பிறகு ஒரு நாற்காலி.

"ஐயோ," என்றாள் அம்மா.

"என்னம்மா? தட்டிட்டியா?"

"இல்லடி. அந்த நாற்காலி. உசரமா, முதுகுக்குச் சாய்மானத்தோட, கால் வைக்கக் கம்பியோட... கவுண்டர்ல உக்கார இதத்தான்டி நான் ஒரு வருஷமாத் தேடறேன். சாதா நாற்காலியில உக்காந்தா வர்றவங்களுக்கு என் கொண்டை மட்டும்தான் தெரியுது."

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பாதி விலை என்று அது கண்ணடித்தது.

"அக்காவுக்கு நெசமாவே வேணும்னா அது நியாயமான தட்டுதானே?" என்றார் மாமா மெதுவாக.

"நியாயம்தான்," என்றாள் கறைக்காரி. "ஆனா அவங்களுக்கு அது எப்படித் தெரியும் மாமா? எங்கம்மாவுக்கு நெசமாவே நாற்காலி வேணுங்கன்னு இன்னொரு கடிதம் எழுதணும்."

அம்மாவின் வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனது. இடது கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் செருப்பை மாட்டினாள். நால்வரும் மாமாவின் பயிற்சிக் காரில் ஏறினார்கள். மாமா பழக்கதோஷத்தில் "சீட் பெல்ட், கண்ணாடி" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஊரின் மறுகோடியிலிருந்த நாற்காலிக் கடை வரைக்கும் அவர்கள் மெதுவாகப் போனார்கள்.

அதே நாற்காலி அங்கே இருந்தது. அம்மா ஏறி உட்கார்ந்து, காலைக் கம்பியில் வைத்து, கண்ணை மூடினாள். கடைக்காரர் முழு விலைக்கு ரசீது போட்டார். பிறகு மனசு கேட்காமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுக்கு நாங்க நெட்ல விளம்பரம் போட்டிருக்கோம். போன்ல ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா பாதி விலைக்கு வீட்டுக்கே வந்திருக்கும்."

அம்மா உயரத்திலிருந்தபடியே அவரைக் குனிந்து பார்த்தாள்.

"நாங்க அமுக்க மாட்டோம்," என்றாள். "எங்க பொண்ணு எழுதறா."